எண்ணூர் ஆளி, மட்டி: மூணு மாசம் மூடணுமா, மழை பார்த்து மூடணுமா?

கழிமுகத்தான்:
மழைநீரோடு சாக்கடைக் கிருமி வரும் என்பதால் ஐப்பசி முதல் மார்கழி வரை எண்ணூர்க் கழிமுகத்தில் ஆளி, மட்டி (உண்ணும் சிப்பி வகைகள்) எடுக்கவே கூடாது, தை பிறந்ததும் எடுக்கலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. பூண்டி ஏரியின் உபரிநீர் கொசஸ்தலையாற்றில் இறங்கிய மறுநாள் தண்ணீர் வேறு. பத்து நாள் வெயில் அடித்த பிறகு வேறு. கனமழை பெய்தால் அன்றே நிறுத்துங்கள். தண்ணீரின் உப்பு பழைய அளவுக்கு ஏறி, அடுத்தடுத்து இரண்டு தண்ணீர்ச் சோதனை தேறினால் திறங்கள்.

ஆத்துவாய்:
தண்ணி தேறினா சதை தேறிடுமாண்ணே? உப்பு சட்டுனு இறங்கினா ஆளி ஓட்டை இறுக்கி மூடிக்கும். மூடின ஆளி தண்ணியை வடிகட்டித் தின்னாது, உள்ள போன கிருமியை வெளிய தள்ளவும் தள்ளாது. தண்ணி நாலு ஓதத்துல (கடல் ஏறி இறங்கறதுல) மாறிடும், சதைக்கு அதைவிட நாளாகும். ஐரோப்பாவுல அதனாலதான் சதையையே சோதிக்கிறாங்க: முதல் தரத்துக்கு நூத்துல எண்பது மாதிரி, 100 கிராமுக்கு 230 ஈ.கோலைக்குள்ள (மலத்துல இருக்கற பாக்டீரியா) இருக்கணும், எதுவும் 700ஐத் தாண்டக் கூடாது.

சோதனைக்குழாய்:
தண்ணீரையே பார்க்கும் அமெரிக்க விதியும் லேசானது இல்லை. மலக் கோலிஃபார்ம் (ஈ.கோலையும் சேர்ந்த பாக்டீரியாக் கூட்டம்) சராசரி 100 மில்லிக்கு 14ஐத் தாண்டக் கூடாது. ஐந்து குழாய் முறையில் (ஒவ்வொரு நீர்த்த அளவையும் ஐந்து சோதனைக்குழாயில் வளர்ப்பது) பத்தில் ஒரு மாதிரிக்கு மேல் 43ஐத் தாண்டக் கூடாது. இங்கே பலர் சொல்லும் 100 என்பது குளிக்கும் கடல்நீருக்கான அளவு.

அளவைவிட மாதிரி எடுப்பதில்தான் அதிகம் கெடுகிறது. கடல் ஏற்றத்தில் முகத்துவாரத்தில் மொண்டால் கடல்நீர்தான் வரும், முடிவும் அழகாக வரும். வற்றம் முடியும் நேரத்தில், பக்கிங்காம் கால்வாய் வந்து சேரும் பக்கம் எடுங்கள். கிருமி நீக்கிய பாட்டில், முழங்கை ஆழம், வாய் நீரோட்டத்துக்கு எதிரே. உடனே ஐஸ்பெட்டிக்குள் வையுங்கள். படகில் வெயில் பட்டால் கிருமி செத்து எண்ணிக்கை பொய்யாகும். ஆய்வகத்தில் கிருமியை 35 டிகிரியில் 48 மணி, பிறகு 44.5 டிகிரியில் 24 மணி வளர்த்துப் பார்ப்பார்கள். முடிவு வர மூன்று நாள், அதுவரை அறுவடை கிடையாது.

கழிமுகத்தான்:
மூன்று நாள் காத்திருக்கலாம், மூன்று மாதம் ஏன்? சந்தேகமிருந்தால், பிடித்த ஆளி கிருமியை வெளியே தள்ளுவதற்குச் சுத்திகரிப்புத் தொட்டி இருக்கிறது: புற ஊதா விளக்கில் ஓடும் கடல்நீர், குறைந்தது 44 மணி நேரம். தொட்டியின் உப்பு, பிடித்த இடத்து உப்பிலிருந்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மாறக் கூடாது, மாறினால் ஓடு திறக்காது. ஆளியைத் தூக்கும் முன் தண்ணீரை வடித்துவிட வேண்டும். இல்லையென்றால் அடியில் படிந்த கழிவு கலங்கி மறுபடி உள்ளே போகும்.

ஆத்துவாய்:
தொட்டி ஈ.கோலைக்கு சரி. வாந்தி பேதி தர்ற நோரோவைரஸ் அவ்வளவு சீக்கிரம் போகாது, விப்ரியோ பாக்டீரியாவும் அப்படித்தான். உலோகத்துக்கும், 2023 டிசம்பர் வெள்ளத்துல வந்த மாதிரி எண்ணெய்க்கும் 44 மணி ஒண்ணுமே இல்ல. விப்ரியோ சாக்கடையிலேருந்து வர்றதில்ல, உப்புத்தண்ணியிலயே வாழ்றது, சித்திரை வெக்கையில பெருகும். கோலிஃபார்ம் சோதனை அதைக் காட்டாது. அதனால தை பிறந்தா வழி பிறக்கும்ங்கிறது ஆளிக்குப் பொருந்தாது. என்னைக் கேட்டா மூணு மாசமே பத்தாது.

கோடையில இன்னொண்ணு. மண் தூர்ந்து முகத்துவாரம் அடைஞ்சிடும், சாக்கடை மட்டும் தினம் வரும். வெயில்ல தண்ணி வத்தறதால உப்பு ஏறியே நிக்கும். அப்ப உங்க உப்புமானி என்னத்தைக் காட்டும்?

கழிமுகத்தான்:
ஒன்றும் காட்டாது, அது சரிதான். முகத்துவாரம் அடைந்தால் மழை இல்லாவிட்டாலும் மூடல் என்று சேர்த்துக்கொள்கிறேன். நாட்காட்டி மூடலை மட்டும் இன்னும் ஏற்கவில்லை, தம்பி.