வியன்னாவிலிருந்து ஒருநாள்: மெல்க்கா, சங்க்ட் ஃப்ளோரியனா?

கல்தச்சன்:
"ஆஸ்திரியாவில் ஒரே ஒரு பரோக் (17, 18-ஆம் நூற்றாண்டுகளின் ஆடம்பரக் கட்டடப் பாணி) மடாலயம் பார்க்க நேரமிருந்தால் மெல்க்" என்று இந்தக் குழுவில் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. மெல்க்கில் பளிங்கு மண்டபம் என்று பெயர்தான். கதவு நிலைகள் மட்டுமே நிஜப் பளிங்கு, சுவரெல்லாம் சுதை. நூலகத்தில் இருந்த குட்டன்பெர்க் பைபிளை (ஐரோப்பாவின் ஆரம்பகால அச்சுப் புத்தகம்) 1926-லேயே விற்றுவிட்டார்கள், இப்போது அது யேல் பல்கலையில். கோடையில் ஒருவழிப் பாதையில் கூட்டம் நம்மைத் தள்ளிக்கொண்டு போகும். லின்ஸ் அருகே சங்க்ட் ஃப்ளோரியனுக்குப் போங்கள். மெல்க்கைக் கட்டிய கட்டடக்கலைஞர் பிராண்டௌவரின் கைவண்ணம் அங்கேயும் உண்டு. இசை பிடித்தவர்களுக்கு இன்னொன்று: இசையமைப்பாளர் புரூக்னர், தான் வாசித்த ஆர்கனுக்கு (தேவாலயக் குழலிசைக் கருவி) நேர் கீழே அடக்கமாகியிருக்கிறார்.

படகுத்துறை:
சுதை என்றால் மட்டமா? ஜிப்சம், வஜ்ஜிரப் பசை, நிறமி மூன்றையும் பிசைந்து பூசி, பலமுறை தேய்த்து மெருகேற்றும் வேலை அது. பல இடங்களில் அசல் பளிங்கைவிடச் செலவு அதிகம். வேண்டிய நிறமும் கோடும் வேண்டிய இடத்தில் கிடைக்கும் என்பதற்காகத்தான் செய்தார்கள்.

அந்த மண்டபத்தில் பார்க்க வேண்டியது மேற்கூரை. ஃபான்டி வரைந்த தூண்களும் டிரோகர் வரைந்த உருவங்களும் (1731) சேர்ந்து, லேசாக மட்டுமே வளைந்த கூரையை உயரமான கோபுரமாகக் காட்டும். நடுவில் நின்றால் தூண்கள் நிமிர்ந்து நிற்கும். சுவரோரம் போனால் அதே தூண்கள் சரியும். பெரும்பாலோர் ஓரமாகவே நடந்து போய்விட்டு "ஒன்றும் பெரிதாக இல்லை" என்கிறார்கள். தரையில் இருக்கும் இரும்புக் கிராதியையும் கவனியுங்கள், வெப்பக் காற்று வருவதற்காக வைத்தது.

கல்தச்சன்:
கூரையை ஒப்புக்கொள்கிறேன். கூட்டத்துக்குப் பதில்?

படகுத்துறை:
பாதை வரிசை தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீரும். 196 மீட்டர் நீளப் பேரரசர் தாழ்வாரம், அருங்காட்சியக அறைகள், பளிங்கு மண்டபம், திறந்த மாடம், நூலகம், சுழல்படி, கடைசியில் தேவாலயம். அருங்காட்சியகத்திலேயே ஒரு மணி நேரம் செலவழிப்பவர்கள் நூலகத்துக்குக் களைத்துப்போய் வருவார்கள்.  டான்யூப் ஆறு தெரியும் அந்த மாடத்தில் ஆசைதீரப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டமாக ஒரு சுற்றுலாக் குழு வந்தால் அங்கேயே நின்று முன்னே விட்டுவிடலாம்.

ரயில்தடம்:
இரண்டு பேரும் கலையிலேயே நிற்கிறீர்கள், போய்வருவதைச் சொல்லுங்கள். வியன்னாவிலிருந்து மெல்க் ஏறத்தாழ ஒரு மணி நேரம், பெரும்பாலும் சங்க்ட் பெல்டனில் வண்டி மாற வேண்டும். நிலையத்திலிருந்து கால் மணி நேர ஏற்றம். சங்க்ட் ஃப்ளோரியனுக்கு லின்ஸ் வரை விரைவு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம், பிறகு பேருந்து. உள்ளே வழிகாட்டியோடுதான் விடுவார்கள். அந்த நேரம் தவறினால் வெளியே நின்று சுவரைப் பார்க்க வேண்டியதுதான். மெல்க்குக்கே என் ஓட்டு, ஆனால் காரணம் டான்யூப் படகு.

படகுத்துறை:
படகு என்றால் திசை முக்கியம். மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் ஊர் வரை, ஆற்றோட்டத்தோடு, இரண்டு மணி நேரத்துக்குள். எதிர்த்திசையில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். காலையில் மடாலயம், பிற்பகலில் படகு. இடப்பக்கம் உட்காருங்கள், ஸ்பிட்ஸ் ஊரும் டியூர்ன்ஸ்டைன் ஊரின் நீலக் கோபுரமும் அந்தக் கரையில்தான்.

கல்தச்சன்:
குளிர்காலத்தில் படகே ஓடாதே. அப்போது உங்கள் மெல்க்குக்கு என்ன சாதகம்? டிசம்பரில் போகிறவர் இந்தத் திட்டத்தை நம்பி ஏமாறுவார்.

ரயில்தடம்:
அது சரிதான், படகு ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான். ஆனால் படகு தவறினாலும் இல்லாவிட்டாலும் வடகரை வழியாக 715 பேருந்து கிரெம்ஸ் வரை போகிறது. ஒரு எச்சரிக்கை: கிரெம்ஸிலிருந்து திரும்பும் ரயில் வியன்னாவின் ஃப்ரான்ஸ் யோசஃப் நிலையத்தில்தான் நிற்கும். காலையில் வெஸ்ட்பான்ஹோஃபில் (வியன்னா மேற்கு நிலையம்) ஏறியவர் பெட்டியை அங்கே லாக்கரில் வைத்துவிட்டுப் போனால், ராத்திரி ஊரைக் கடந்து போய் எடுக்க வேண்டும்.