இரண்டாம் வகுப்பில் 'அரும்பு' குழு: கவலைப்பட வேண்டுமா?

மதுரை அம்மா:
மகள் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் அவளை 'அரும்பு' குழுவில் வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் 'மலர்' குழு. பாட்டு, அட்டை, எண்ணுகிற மணி என்றே நாள் போகிறது. நோட்டில் ஒன்றும் காணோம். படிப்பு வருமா?

தொடக்கப்பள்ளி டீச்சர்:
பயப்படாதீர்கள்மா. கொரோனாவில் விட்டுப்போன எழுத்தையும் கணக்கையும் மீட்கத்தான் 2022-ல் இந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கினார்கள். அரும்பு, மொட்டு, மலர் என்பது ரேங்க் இல்லை, பிள்ளை இப்போது நிற்கிற படி. என் வகுப்பில் ஒருவன் ல, ள, ழ மூன்றையும் ஒன்றாகவே வாசிப்பான். மணலில் விரல் பிடித்து ழ எழுத வைத்தேன். நாலாவது தடவை, சுழி முடிவதற்குள் "டீச்சர், வாழைப்பழத்து ழ!" என்று கத்தினான். அன்றைக்கு அவன் நோட்டு காலிதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளை மட்டும் பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள், தயவுசெய்து.

ஓர் அப்பா:
வீட்டில் புளியங்கொட்டை இருக்கிறதா? பத்துப் பத்தாகக் குவித்து 34 எவ்வளவு என்று காட்டச் சொல்லுங்கள். என் பையனுக்கு அப்படித்தான் பத்துகளும் ஒன்றுகளும் பிடிபட்டன.

மதுரை அம்மா:
நன்றி டீச்சர். கொட்டை எடுத்து வைத்துவிட்டேன். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் உட்காரப் போகிறோம்.