மறு: ஏரியோல் – 'முட்கணு' எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

கேக்டஸ் செடியில் முட்கள் முளைக்கும் சிறு பஞ்சுப் புடைப்புதான் ஏரியோல் (areole). நம் கலைச்சொல் பட்டியலுக்காக அதற்கு இதுவரை வந்த தமிழ்ச் சொற்களில் 'சிற்றிடம்' எனக்கு ஒப்பவில்லை. லத்தீன் மூலத்துக்கு அது சரிதான். ஆனால் நர்சரியில் செடியைப் பார்த்து நிற்பவருக்கு அது எதையும் காட்டாது. 'முள்மெத்தை' அழகான சொல். தூண்கள்ளியின் (தூண் போல் வளரும் கேக்டஸின்) வரம்புகளில் வரிசையாக இருக்கும் பஞ்சுப் புடைப்பைக் கண்முன் நிறுத்துகிறது. ஆனால் அங்கிருந்து முள் மட்டுமா வருகிறது? பூவும் புதுக் கிளையும் அங்கிருந்துதான் வருகின்றன. தாவரவியல்படி அது குறுகிப்போன ஒரு கிளை, கோணமொட்டு (இலைக்கும் தண்டுக்கும் இடையே அமையும் மொட்டு) இருக்கும் இடம். கரும்பில் பரு இருக்கும் இடத்தைக் கணு என்கிறோம். இதையும் 'முட்கணு' என்போமே.

செரியஸ் என்னும் தூண்கள்ளியின் தலையை வெட்டிப் பாருங்கள். வெட்டுக்குச் சற்றுக் கீழே உள்ள முட்கணுவிலிருந்து புதுத் தண்டு கிளம்பும். வெளிச்சம் போதாத மூலையில் தொட்டியை வைத்தால் நுனி மெலிந்து, முட்கணுக்கள் விலகி விலகி அமையும். அப்படி நீண்ட பகுதி பிறகு பருப்பதில்லை. எனவே வாங்கும்போது கணு இடைவெளி சீராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்டின் அடியை அழுத்தியும் பார்க்க வேண்டும். கொழகொழத்தால் அழுகல், விட்டுவிடலாம்.

மாவுப்பூச்சி ஒளிவதும் இங்கேதான். பிரேசிலின் நீலத்தூணான பைலோசோசெரியஸில் முட்கணுப் பஞ்சும் வெள்ளை, பூச்சியும் வெள்ளை. குச்சியால் கிளறினால் பஞ்சு இழை இழையாகப் பிரியும். பூச்சி நசுங்கிப் பிசுபிசுக்கும்.

கேக்டஸ் அல்லாத சதுரக்கள்ளியிலும் முள் உண்டே என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. அங்கே முட்கள் இரட்டை இரட்டையாக நிற்கும், அடியில் பஞ்சு கிடையாது. அவை இலையடிச் செதில்கள் (இலைக்காம்பின் அடியில் இருக்கும் சிறு உறுப்புகள்) மாறியவை. அதன் ஆப்பிரிக்க உறவான யூஃபோர்பியா டிரைகோனாவைக் கடைகளில் கேக்டஸ் என்றே விற்கிறார்கள். கீறினால் வடியும் பால் கண்ணில் பட்டால் பெருந்துன்பம். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு இந்த வேறுபாடு தெரிந்தே ஆகவேண்டும். 'கள்ளிக்கணு' என்ற சொல்லை நான் தவிர்ப்பதும் இதனால்தான்: நம் வழக்கில் கள்ளி என்பது கேக்டஸ், யூஃபோர்பியா ஆகிய இரண்டு குடும்பங்களையும் குறிக்கிறது.

முள்ளே இல்லாத வகைகளுக்கு என்ன செய்வது? அவை சிலவே. 'முள் அற்றும் இருக்கலாம்' என்று விளக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

மறுப்பு இல்லையென்றால் முட்கணுவைப் பட்டியலில் ஏற்றிவிடலாம். அடுத்துச் சொல் தேட வேண்டியது, நடுவதற்காக வெட்டிய துண்டின் அடியில், நிழலில் ஓரிரு வாரம் காய்ந்து கட்டும் தடிப்பு. அது கட்டாமல் மண்ணில் வைத்தால் துண்டு அழுகிவிடும். 'வெட்டுப்பொருக்கு' என்று குறித்து வைத்திருக்கிறேன். உங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்கள் வேறு சொல் வழங்கினால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.