ஐ.சி.யூ.விலிருந்து வந்த பிறகும் ஓயாத படபடப்பு: இது பி.டி.எஸ்.டி.யா?

வெண்பா கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நிமோனியா முற்றி, மூச்சுவிட முடியாமல் போய், என்னை வென்டிலேட்டரில் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து அரை வருடத்துக்கு மேல் ஆகிறது. நுரையீரல் தேறிவிட்டது, மாடிப்படி ஏறுகிறேன், வேலைக்கும் போகிறேன். ஆனாலும் நான் பழைய ஆளாக இல்லை.

மைக்ரோவேவ் ‘பீப்’ என்று அடித்தால் போதும், உள்ளங்கை வியர்த்து நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அந்த நொடியில் கட்டிலில் கை கட்டிப்போட்டபடி கிடப்பதாகவே இருக்கிறது. மல்லாந்து படுக்க முடிவதில்லை. யாராவது பின்னாலிருந்து தோளைத் தொட்டால் கத்திவிடுகிறேன்.

சொல்லக் கூச்சமான ஒன்றும் உண்டு. ஒரு நர்ஸ் என் குழாயைப் பிடுங்கிக் கொல்லப் பார்ப்பது போன்ற காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. அப்படி எதுவுமே நடக்கவில்லை என்று கணவர் அடித்துச் சொல்கிறார். எனக்கும் அது தெரிகிறது. ஆனால் அந்த முகம் கண்ணை விட்டுப் போகவில்லை.

“செத்துப் பிழைத்து வந்திருக்கிறாய், இனி என்ன பயம்?” என்கிறார்கள் வீட்டில். பி.டி.எஸ்.டி. (பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநலப் பாதிப்பு) என்பது போருக்குப் போனவர்களுக்குத்தானே வரும்? நடக்காததை நினைத்துப் பயப்படுகிறேனே, எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா?

நிலாமுற்றம்:

என் அண்ணனும் ஐ.சி.யூ.வில் இருந்து வந்தவர். மாதக்கணக்கில் விளக்கை அணைக்க விடமாட்டார். நீங்கள் தனி ஆள் இல்லை அக்கா.

கரையோரம்:

வெண்பா, உங்களுக்குப் புத்தி பேதலிக்கவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தில் நோய்த்தொற்று பரவி நானும் அந்தக் கட்டிலில் கிடந்தவன். சுவரில் எறும்புகள் ஊர்ந்து என் வாய்க்குள் போனதாக இன்றைக்கும் ‘ஞாபகம்’ இருக்கிறது. கடும் நோய், ஆக்ஸிஜன் குறைவு, மயக்க மருந்து, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து மூளையைக் குழப்பிவிடும். அதை டெலிரியம் என்பார்கள். அப்போது பார்த்தது பொய்யாக இருக்கலாம், ஆனால் உடம்பு பட்ட பயம் நிஜம். அதனால்தான் அது மனதில் தங்கிவிடுகிறது. சில நாடுகளில் நோயாளி மயக்கத்தில் இருக்கும்போது நர்ஸ்களும் குடும்பத்தாரும் அன்றாடம் நடந்ததை ஒரு டைரியில் எழுதி, பிறகு அவரிடமே கொடுக்கிறார்கள். உங்களால் கேட்க முடிகிற ஒரு நாளில், என்ன நடந்தது என்று கணவரை வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள்.

பி.டி.எஸ்.டி. என்ற பெயர் 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இடம்பெற்றபோது வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களைப் பற்றித்தான் பெரிதாகப் பேசினார்கள். அதனால் போரோடு சேர்த்தே நினைக்கிறோம். விபத்து, வன்முறை, உயிர் போகும் நிலை என எதற்குப் பிறகும் இது வரலாம். ஐ.சி.யூ.விலிருந்து வருகிறவர்களில் கணிசமானவர்களுக்கு இந்த அறிகுறிகள் இருப்பது டாக்டர்களுக்குத் தெரிந்த விஷயம்தான்.

‘பீப்’ சத்தம், அந்த நர்ஸ், கத்திவிடுவது எல்லாம் வெளியே தெரிகிற அறிகுறிகள். தெரியாமல் ஒளிந்துகொள்வது ஒன்று உண்டு: எதையெல்லாம் செய்யாமல் விட்டுவிட்டீர்கள்? நான் அந்த மருத்துவமனை இருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டு போவேன். டிராஃபிக் அதிகம் என்று எனக்கே காரணம் சொல்லிக்கொள்வேன். டி.வி.யில் ஆம்புலன்ஸ் சத்தம் வந்தால் சேனல் மாறும். விலகினால் அந்த நேரத்துக்கு நிம்மதி, அதனால் இன்னும் விலகத் தோன்றும். பயம் குறைவதற்கு வழியே இல்லாமல் போகும்.

அப்புறம் இந்த மரத்துப்போதல். மகள் பள்ளியில் பரிசு வாங்கி வந்து நீட்டினாள். கையில் வாங்கினேன், உள்ளே ஒன்றுமே அசையவில்லை. கெட்ட கனவுகளைவிட அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. நீங்கள் இதைப் பற்றி எழுதவில்லை. இருக்கிறதா என்று பாருங்கள்.

தென்றல் (உளவியல் ஆலோசகர்):

கரையோரம் சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். இப்படிப்பட்ட அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையோ உறவுகளையோ தூக்கத்தையோ கெடுத்தால் பி.டி.எஸ்.டி.யா என்று பார்க்க வேண்டும். சிலருக்கு ஆறு மாதம் கழித்துத்தான் முழுதாகத் தலைகாட்டும். பி.சி.எல்.-5 என்று 20 கேள்விகள் கொண்ட படிவம் இருக்கிறது. மொத்தம் 80 மதிப்பெண். 31–33ஐத் தாண்டினால் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்ப்பது அவசியம். முடிவு சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான், படிவம் இல்லை. அந்த அதிர்ச்சியை மையமாக வைத்துச் செய்யும் சி.பி.டி. (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை), ஈ.எம்.டி.ஆர். (கண்களை இடம் வலமாக அசைத்தபடி அந்த நினைவை எதிர்கொள்ள வைக்கும் சிகிச்சை) இரண்டுமே நன்றாகப் பலன் தருபவை. தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. தூக்க மாத்திரையோ மதுவோ வைத்துச் சமாளிக்க வேண்டாம். சாகலாம் என்ற நினைப்பு வந்தால் அப்பாயின்ட்மென்ட் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே உதவி கேளுங்கள்.

வெண்பா:

நுரையீரல் செக்கப்பைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன், ஆபீஸில் வேலை அதிகம் என்று சொல்லி. கட்டிலில் விரித்திருந்த பச்சைப் போர்வையை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். இதை எழுதும்போதுதான் ஏன் என்று புரிகிறது. மரத்துப்போதலும் இருக்கிறது, அதை எழுத இப்போது முடியவில்லை. ஒரே ஒரு சந்தேகம்: முதல் நாளே எல்லாவற்றையும் விவரிக்கச் சொல்வார்களா? வாயைத் திறந்தாலே நடுங்குகிறது.

தென்றல்:

வேண்டியதில்லை அம்மா. “ஐ.சி.யூ.வில் இருந்தேன், அதற்குப் பிறகு இப்படியெல்லாம் வருகிறது” என்று சொன்னால் தொடங்கப் போதும். இங்கே முதலில் எழுதியதையே தாளில் எடுத்துக்கொண்டு போய் நீட்டலாம். மருத்துவமனை வாசனையே தாங்கவில்லை என்றால் முதல் சந்திப்பை வீடியோவில் வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள், பலரும் சம்மதிப்பார்கள். நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிறவரா என்பதையும் அன்றைக்கே கவனியுங்கள். இல்லையென்றால் வேறு ஒருவரைப் பாருங்கள்.