பத்மினி: சூடானதும் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது

வணக்கம் அண்ணன்மார்களே. ஊர் கும்பகோணம். வண்டி அப்பா ஓட்டிய 1982 பிரீமியர் பத்மினி, 1089 சிசி பெட்ரோல். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் பழைய சோலெக்ஸ் கார்பரேட்டர் தேய்ந்துபோனதால் அதைக் கழற்றிவிட்டு, தை மாதம் ரெட்டை பேரல் (இரண்டு காற்றுக்குழாய்) கார்பரேட்டர் ஒன்றை அடாப்டர் பிளேட் வைத்து மாட்டினேன்.

காலையில் சோக் இழுத்தால் உடனே ஸ்டார்ட். பாபநாசம் வரை பட்டுப்போல ஓடும். அங்கே டீ குடிக்கப் பத்து நிமிடம் நிறுத்தினால் போச்சு. பெட்ரோல் வாடை தூக்கும். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு நீளமாகச் செல்ஃப் அடித்தால்தான் கரும்புகையோடு பிடிக்கும். பிளக் நான்கும் கரி. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தது, இப்போது 8.

கார்பரேட்டருக்குள் பெட்ரோல் நிற்கும் அளவைத் தீர்மானிக்கும் மிதவை மட்டத்தை 2 மி.மீ. இறக்கினேன். பெட்ரோல் வரவை அடைக்கும் நீடில் வால்வு புதுசு. பெட்ரோல் பாயும் துளையான மெயின் ஜெட்டை ஒரு சைஸ் குறைத்ததும் தஞ்சாவூர் ரோட்டில் மூன்றாம் கியரில் இழுவையே இல்லை, பழையதையே திரும்பப் போட்டேன். பாயின்ட் இடைவெளி, டைமிங், டேப்பட் எல்லாம் பார்த்தாச்சு.

பழைய கார்பரேட்டருக்கு அடியில் சூட்டைக் கடத்தாத தடித்த பேக்கலைட் கட்டை இருந்தது. இப்போது வெறும் அலுமினிய பிளேட், கை வைக்க முடியாத சூடு. இன்ஜின் சூடு அதன் வழியாக ஏறி, கார்பரேட்டருக்குள் பெட்ரோல் கொதித்து வழிகிறதோ என்று சந்தேகம்.

பிளேட்டுக்கு அடியில் 10 மி.மீ. பேக்கலைட் கட்டை கொடுத்து இந்தத் தொல்லையைத் தீர்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?