டெலிவரிக் காசுச் சண்டை: வன்னிக்காரரே, உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கோ

மல்லாவி

சாமான் விலையில் எனக்குச் சண்டை வந்தது குறைவு, எல்லாம் டெலிவரிக் காசில்தான் வருகிறது. கிட்டடியில் கொழும்பு முகநூல் பக்கம் ஒன்றில் இரண்டு தலையணை ஓர்டர் பண்ணினேன். படத்துக்குக் கீழே "டெலிவரி 450, நாடு முழுவதும்" என்று போட்டிருந்தார்கள். பொதியோடு வந்த பெடியன் தலையணை விலைக்கு மேல் 1,350 கேட்கிறான். ஏன் தம்பி என்று கேட்டால், பில்லில் அப்படித்தான் இருக்கு அக்கா என்கிறான், அவனோடு கத்தி என்ன பிரயோசனம். விற்றவருக்கு இன்பொக்ஸில் எழுதினேன். "வெயிட் கூட சிஸ்" என்று ஒரு வரிப் பதில். வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தேன், இரண்டும் சேர்த்து இரண்டு கிலோகூட வரவில்லை.

பிறகு கூரியரில் வேலை செய்த ஒரு மச்சான்தான் விளங்கப்படுத்தினார். அவர்கள் நிறுப்பதோடு நிற்பதில்லை, பெட்டியை அளக்கவும் செய்கிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் பிரித்தால் ஒரு கிலோக் கணக்கு வரும். அதுவும் உண்மையான நிறையும், இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் காசு. என் பெட்டி 60, 40, 20. பெருக்கினால் 48,000, பிரித்தால் 9.6, அதைப் பத்தாக்கிவிடுவார்கள். முதல் கிலோவுக்கு 450, மிச்ச ஒன்பதுக்கும் நூறு நூறாக 900. ஆகக் கணக்கு சரி. வாகனத்தில் இடம் பிடிக்கிற சாமானுக்கு இடத்துக்குக் காசு எடுப்பது ஞாயம் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் ஒவ்வொரு நாளும் தலையணை விற்கிறவருக்கு இது தெரியாதா? காற்றை அமத்திச் சுருட்டிக் கட்டியிருந்தால் பாதிக்காவது இறங்கியிருக்கும். அந்தக் காசு தன் பையிலிருந்து போகாதபோது யார் மினக்கெட்டுச் சுருட்டப் போகிறார்கள். 450 என்று விளம்பரம் போட்டதுதான் எனக்கு ஆத்திரம், 1,350 என்று முதலே சொல்லியிருந்தால் தலையணையை டவுனிலேயே வாங்கியிருப்பேன்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கோ. கடையின் பெயர், கூரியரின் பெயர் வேண்டாம், நடந்தது மட்டும் போதும்.

ஐயன்கன்குளம்

உங்களுக்கு வீட்டுக்காவது வந்தது. எங்களுக்கு எப்போதும் ஒரே போன்தான்: "அண்ணை, உள்ளுக்கு வர ஏலாது, மல்லாவிச் சந்திக்கு வாங்கோ." ஓட்டோ பிடித்துப் போய்வர ஆயிரம் ரூபாய். வீட்டு வாசலுக்கு என்று 450 வாங்கியவரிடம் சந்தி வரைக்கும்தான் வந்தது, ஏதாவது குறையுங்கோ என்று கேட்டால், கூரியர் எங்களிடம் முழுக்காசும் எடுத்துவிட்டது என்கிறார். கூரியருக்கு எடுத்தால் உங்கள் பகுதி "அவுட்ஸ்டேஷன்" என்கிறார்கள். அப்படியானால் அதை ஓர்டர் எடுக்கும்போதே சொல்ல வேண்டியதுதானே.

முள்ளியவளை

என்னுடைய கதை வேறு மாதிரி. வவுனியாவில் ஒரு கடையில் போனுக்குக் கவரும் சார்ஜரும் எடுத்தேன், வட்ஸ்அப்பில்தான். கூரியர் 450 என்று சொல்லி மொத்தக் காசையும் வங்கியில் போடச் சொன்னார், போட்டேன். அடுத்த நாள் காலையில் போன். "அண்ணை, முல்லைத்தீவு பஸ்ஸில குடுத்துவிட்டிருக்கு, பதினொரு மணிபோல ரோட்டில நில்லுங்கோ." பஸ்ஸில் பொதி வருவது எங்களுக்குப் புதிதில்லை, மருந்திலிருந்து மோட்டார் சைக்கிள் பார்ட்ஸ் வரைக்கும் அப்படித்தான் வருகிறது, கொண்டக்டர் கையில் இருநூறு கொடுத்தால் சரி. அதே நாளில் கையில் கிடைப்பதால் கூரியரைவிட எனக்கு அதுதான் விருப்பமும்கூட. ஆனால் 450 வாங்கி 200க்கு அனுப்பினால் மிச்சம் 250 ஆருடையது?

கேட்டேன். பெட்டி, டேப், பஸ் ஸ்டாண்டுக்குப் போய்வந்த பெட்ரோல் என்று அவர் ஒரு கணக்குச் சொன்னார். அந்தக் கணக்கை முதலே சொல்லியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். கனக்கக் கதைத்த பிறகு 150 திருப்பி அனுப்பினார், அதற்குப் பிறகு என் மெசேஜுக்குப் பதில் இல்லை. பஸ்ஸில் இன்னொரு சிக்கலும் இருக்கு, ரசீது கிடையாது. பொதி தவறினால் கடைக்காரர் கொண்டக்டரைக் காட்டுவார், கொண்டக்டர் நான் இறக்கிவிட்டேன் என்பார். பஸ் நம்பரையும் கொண்டக்டரின் போன் நம்பரையும் கேட்டு வாங்கி வைத்திருங்கோ.

கிளிநொச்சி, வீட்டிலிருந்து உடுப்பு விற்கிறேன்

வாங்குகிறவர்கள் மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள், எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கோ. பொருள் கைக்கு வந்த பிறகு காசு என்று ஓர்டர் எடுக்கிறோம். பொதி போய்ச் சேரும் நாளில் போன் ஓஃப். அல்லது "இப்ப காசில்லை, அடுத்த கிழமை கொண்டுவாங்கோ" என்று கூரியர்ப் பெடியனிடம் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அவன் அடுத்த கிழமை வர மாட்டான், பொதி என் வீட்டுக்குத்தான் திரும்பி வரும். போனதற்கு 400, திரும்பி வந்ததற்கு அதில் பாதி, ஆக 600 ரூபாய் என் கையிலிருந்து. அந்தச் சட்டையில் எனக்கு நிற்கிற லாபமே 300தான். இப்படித் திரும்பி வருகிற பொதியின் நட்டத்தைக் கடைசியில் ஒழுங்காகக் காசு கொடுத்து எடுக்கிறவர்களின் தலையில்தான் எல்லா விற்பனையாளர்களும் கட்டுகிறார்கள், நானும்தான், அதை மறைக்க என்ன இருக்கு.

இதற்குத்தான் டெலிவரிக் காசை மட்டும் முன்கூட்டிப் போடுங்கோ, சட்டைக்குப் பிறகு தாங்கோ என்று கேட்டுப் பார்த்தேன். "சாமானைக் காணாமல் காசு போடவோ? போன வருசம் ஒருத்தன் இப்படித்தான் வாங்கிக்கொண்டு புளொக் பண்ணினவன்" என்று திருப்பிக் கேட்கிறார்கள். அவர்கள் சொல்வதும் பொய்யில்லை. இப்போது நான் ஊர் ஊராக ஓர்டர் சேர்க்கிறேன். விசுவமடுவில் நாலைந்து பேர் சேர்ந்தால் ஒரே பொதியாகக் கட்டி அங்கே ஒரு கடையில் இறக்கிவிடுவேன், ஆளுக்கு நூறோ நூற்றைம்பதோதான் வரும். ஒரு கிழமை பொறுக்க வேண்டும், அது ஏலாதவர்கள் முழுக்காசு தரட்டும்.

மல்லாவி

கிளிநொச்சி அக்கா, உங்களைப்போல வெளிப்படையாகச் சொல்கிறவரிடம் ஆர் சண்டைக்கு வருவது. நான் சொன்னது விளம்பரத்தில் ஒன்று, பில்லில் இன்னொன்று போடுகிறவர்களை.

பரந்தன், முன்பு கூரியரில் ஓடினவன்

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதேங்கோ. நீங்கள் கொடுக்கிற 450இல் எங்களுக்கு வருவது சின்னத் துண்டுதான். நான் ஓடின இடத்தில் கையில் கொடுத்த பொதிக்கு மட்டும்தான் காசு, கொடுக்காமல் திருப்பினால் ஒன்றுமில்லை, பெட்ரோலும் என்னுடையது. பரந்தனிலிருந்து தருமபுரம், விசுவமடு, அதற்கங்கால் புதுக்குடியிருப்பு வரைக்கும் ஒரே ரோட்டில் போகலாம், அது பிரச்சினையில்லை. பிரச்சினை ரோட்டிலிருந்து உள்ளே இறங்குவதுதான். விலாசத்தில் வீட்டு இலக்கம் இராது, "பெரிய புளியடிக்குப் பக்கத்தில்" என்று இருக்கும், அங்கே போனால் ஏழு புளியமரம் நிற்கும். மார்கழி மழையில் குளத்தோர ரோட்டில் சைக்கிளே போகாது. ஒரு பொதிக்காக அரை மணித்தியாலம் உள்ளே போனால் மிச்சப் பொதிகள் நின்றுவிடும். சந்திக்கு வாங்கோ என்று நானும் சொல்லியிருக்கிறேன், ஐயன்கன்குளம் அண்ணைக்கு அது விளங்கும் என்று நினைக்கிறேன்.

புதுக்குடியிருப்பு

ஃப்ரீ டெலிவரியைப் பற்றி ஒருத்தரும் எழுதவில்லை. ஒரே பிளவுஸ், ஒரு பக்கத்தில் 1,950, டெலிவரி இலவசம். மற்றப் பக்கத்தில் 1,500, டெலிவரி 400. என் தங்கச்சி இலவசம் என்று முதலாவதை எடுத்தாள். கூட்டிப் பாருங்கோ. 2022 ஜூனில் பெட்ரோல் 470க்குப் போனபோது நான் வாங்குகிற பக்கங்களெல்லாம் டெலிவரியை ஏற்றினார்கள், அது சரி, அந்த நேரம் பெட்ரோல் கிடைத்ததே பெரிய காரியம். இறங்கிய பிறகு ஒருவரும் இறக்கவில்லை.

விளம்பரத்தில் போட்டதைவிடக் கூட எடுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற நம்பருக்குப் போன் எடுக்கலாம். ஆனால் பில்லும் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட்டும் கையில் இருக்க வேண்டும், கடையின் பெயரும் விலாசமும் தெரிய வேண்டும். முகநூல் பக்கத்துக்கு ஏது விலாசம்? காசைப் போட முதல் கேட்டு எடுத்து வைத்தால்தான் உண்டு.

நெடுங்கேணி

தபால் கந்தோர் ஒன்று இருக்கிறதை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். நான் தோடு, வளையல் விற்கிறேன், கவரில் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புவேன். 2022 ஆகஸ்டில் சாதாரணக் கடிதத்துக்கே 15 ரூபாயிலிருந்து 50 ஆக்கினபோது பதிவுத் தபாலும் கூடித்தான் போனது, அப்படியிருந்தும் சின்னச் சாமானுக்குக் கூரியரைவிட மலிவு. தபால்காரருக்கு அந்தப் பெரிய புளியடியும் தெரியும், பக்கத்து வீட்டில் ஆர் இருக்கிறார் என்பதும் தெரியும், அவர் சந்திக்கு வாங்கோ என்று போன் எடுக்கிறதில்லை. காசை வாங்கிக்கொண்டு பொதியைக் கொடுக்கிற வீ.பி.பி. முறையும் தபாலில் கன காலமாக இருக்கு. சுணங்கும், அது உண்மை, அவசரத்துக்குச் சரிவராது.

டொரோண்டோ (ஊர் ஒட்டுசுட்டான்)

அம்மாவின் பிறந்தநாளுக்குக் கிளிநொச்சியில் ஒரு கேக் சொன்னேன். கேக் 4,500, கொண்டுபோய்க் கொடுக்க 2,500 என்றார்கள். பஸ்ஸில் போட்டால் இருநூறுதானே, வெளிநாட்டுக்காரன் என்று தீட்டுகிறீர்களோ என்று நான் கொஞ்சம் சூடாகவே கேட்டேன்.

கிளிநொச்சி, வீட்டிலிருந்து உடுப்பு விற்கிறேன்

தம்பி, கிறீம் கேக்கைப் பஸ்ஸில் போட்டால் ஒட்டுசுட்டானில் என்ன இறங்கும்? மாங்குளம் வழியாகக் கிட்டத்தட்ட ஐம்பது கிலோமீட்டர், போய்வர நூறு. ஒரு பெடியன் மோட்டார் சைக்கிளில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஆறுதலாக ஓட வேண்டும், அவனுக்கு அரை நாள் போய்விடும். 2,500 கூட என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு மாங்குளத்திலேயே கேக் சொல்லியிருக்கலாம்.

டொரோண்டோ (ஊர் ஒட்டுசுட்டான்)

சரி அக்கா, மாங்குளத்தில் கேக் போடுகிறவர்கள் ஆரும் இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கோ. டெலிவரி எவ்வளவு என்றும் சேர்த்து.