சிபியு 35% தான் காட்டுகிறது, ஆனாலும் பாட்டு உடைகிறது: உதவி தேவை

கேள்வி
வணக்கம். வீட்டிலேயே ஒரு முருகன் பாட்டு செய்கிறேன், தங்கை பாடுகிறாள். விண்டோஸ் லேப்டாப், 4 கோர், 8 ஜிபி ராம், மைக்கை இணைக்க யுஎஸ்பி இன்டர்ஃபேஸ், ரெக்கார்டிங் மென்பொருள் ரீப்பர். கான்டாக்டில் (பதிவு செய்த வாத்திய ஒலிகளை வாசிக்கும் மென்பொருள்) வயலின்கள், புல்லாங்குழல், மிருதங்கம் என 14 டிராக். பஃபர் (ஒரு தடவையில் தயாராகும் ஒலித் துண்டின் அளவு) 128 வைத்தால் பல்லவி முடிவதற்குள் ‘டிக் டிக்’ என்று உடைகிறது. 1024 வைத்தால் உடைவதில்லை, ஆனால் ஹெட்ஃபோனில் அவள் குரல் அவளுக்கே பிந்திக் கேட்கிறது, தாளம் தள்ளிப்போகிறது. டாஸ்க் மேனேஜரில் சிபியு 35% தான், ராம் மட்டும் 7.4 ஜிபி. வேறு லேப்டாப் வாங்க இப்போது வழியில்லை.

பதில் 1
வாங்கவே வேண்டாம். அந்த 35% எல்லா கோர்களுக்கும் சேர்த்துப் போட்ட சராசரி. 44.1 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 44,100 சாம்பிள் (ஒலி அளவீடு) எடுக்கும்போது, 128 சாம்பிள் என்பது 2.9 மில்லிசெகண்ட். அதற்குள் அடுத்த துண்டு தயாராக வேண்டும்; ஒரே ஒரு தடவை தவறினாலும் காதில் ‘டிக்’. 1024 என்றால் 23 மில்லிசெகண்ட் அவகாசம். குரல் உள்ளே போகவும் வெளியே வரவும் அது இருமுறை சேர்வதால்தான் தங்கை திணறுகிறார்.
இன்னொன்று: ஒரு டிராக்கில் இருக்கும் பிளகின்கள் (ஒலியை உருவாக்கும், மாற்றும் துணை மென்பொருள்கள்) வரிசையில் நிற்பவை. முன்னால் இருப்பது முடித்துக் கொடுத்தால்தான் அடுத்தது தொடங்கும். அதனால் ஒரு கோர் மூச்சுத் திணறும்போது மற்ற மூன்றும் சும்மா இருக்கும். எல்லா டிராக்கும் வந்து சேரும் மாஸ்டரில் என்ன போட்டிருக்கிறீர்கள்?

கேட்டவர்
லீனியர் ஃபேஸ் ஈக்யூ (கீழ், மேல் ஒலிகளின் அளவைச் சரிசெய்வது), லிமிட்டர் (சத்தம் எல்லை மீறாமல் தடுப்பது). ஒவ்வொரு டிராக்கிலும் தனித்தனி ரிவர்ப் (கூடத்து எதிரொலி).

பதில் 1
அதுதான் விஷயம். லீனியர் ஃபேஸ் ஈக்யூ தன் பங்குக்கும் தாமதம் சேர்க்கும். குரல் பதிவு முடியும்வரை மாஸ்டரைக் காலியாக விடுங்கள். 14 ரிவர்ப்பையும் எடுத்துவிட்டு, தனி டிராக்கில் ஒன்றே ஒன்று போட்டு எல்லா டிராக்கின் ஒலியிலும் ஒரு பங்கை அதற்கு அனுப்புங்கள் (சென்ட்). எல்லா வாத்தியமும் ஒரே கூடத்தில் வாசித்த மாதிரி கேட்கும், எனக்கு அதுதான் எப்போதும் பிடிக்கும். வயலின்களை ஃப்ரீஸ் செய்துவிட்டு (தயாரான ஒலியாகவே பதிந்து வைத்துவிட்டு) 128-இல் பாட வையுங்கள். மிக்ஸிங்கின்போது 1024-க்குப் போகலாம்.

பதில் 2
ராம் பற்றி: 7.4 என்றால் விண்டோஸ் டிஸ்க்கைத் துணைக்கு இழுக்கத் தொடங்கியிருக்கும், அது கான்டாக்டின் சாம்பிள் (பதிவு செய்த வாத்திய ஒலி) வாசிப்பைக் கெடுக்கும். கான்டாக்டில் பர்ஜ் மெனுவில் எல்லா சாம்பிளையும் ராமிலிருந்து இறக்கிவிட்டுப் பாட்டை ஒருமுறை முழுக்க ஓட்டுங்கள். வாசிக்கும் ஸ்வரங்கள் மட்டும் திரும்ப ஏறும். முதல் ஓட்டத்தில் சில ஸ்வரங்கள் விழாமல் போகலாம், பயப்பட வேண்டாம்.

கேட்டவர்
நேற்று இரவு எல்லாம் செய்தேன். ராம் 5.1-க்கு இறங்கியது, பல்லவி சுத்தமாக வந்தது. ஆனால் எல்லா டிராக்கையும் மியூட் செய்தாலும் அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு ‘டிக்’.

பதில் 3
எல்லாம் மியூட்டில் இருந்தும் வருகிறதென்றால் ஏதோ ஒரு டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) நடுவே புகுகிறது போல. வைஃபையை அணைத்துப் பாருங்கள். பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸில் வையுங்கள். அப்புறமும் வந்தால் டிரைவர் தாமதங்களை அளக்கும் லேட்டன்சிமான் மென்பொருளை ஓட்டினால் எந்த டிரைவர் என்று காட்டும்.

கேட்டவர்
வைஃபைதான்! அணைத்ததும் நின்றுவிட்டது. சரணம் வரை ஒரே மூச்சில் பாடிவிட்டாள். ஃப்ரீஸ் செய்த வயலினில் ஒரு கமகத்தை மாற்ற வேண்டுமே?

பதில் 1
அன்ஃப்ரீஸ் செய்து, மாற்றி, திரும்ப ஃப்ரீஸ் செய்யுங்கள். அந்த ஒரு டிராக்கை மட்டும். பாட்டு முடிந்ததும் எங்களுக்கும் கேட்கக் கொடுங்கள்.